இடித்த சுவரும் எழுப்பிய சுவரும்

புதுவைச் சம்பா கோவிலுக்குள் ஒரு காலத்தில் ஒரு சுவர் இருந்தது. புனித பவுலின் பெயரே மக்கள் நாவில் மருவிச் சம்பா என்று ஆயிற்று என்பர். இன்று நாம் காணும் பேராலயம் அன்று அது. 1761-இல் ஆங்கிலேயர் புதுவையைத் தகர்த்தபோது அழிந்துபோன பழைய கோவில். அதனுள்ளே சாதிக் கிறிஸ்தவர் ஒரு புறமும், தாழ்த்தப்பட்ட கிறிஸ்தவர் மறுபுறமும் நின்று திருப்பலி கண்டனர். பீடம் ஒன்று, பலி ஒன்று, அப்பம் ஒன்று; நடுவில் மட்டும் சுவர். 1745-ஆம் ஆண்டு அக்டோபர் திங்களில் தாழ்த்தப்பட்ட கிறிஸ்தவர்கள் குருக்களிடம் சென்று முறையிட்டனர். நாங்களும் உங்கள் பிள்ளைகள்தாமே, பிறகு எதற்கு இந்தச் சுவர் என்பதே அவர்களது முறையீட்டின் சாரம். சுவர் இடிக்கப்பட்டது. இதனை எழுதி வைத்தவர் நம் சபையைச் சேர்ந்தவர் அல்லர். பின்னாளில் துய்ப்ளேக்சின் தலைமைத் துபாஷியாக விளங்கிய ஆனந்தரங்கப் பிள்ளை. அவரது நாட்குறிப்பில் இச்செய்தி இன்றும் நம்மைப் பார்த்தபடி இருக்கிறது.

செங்கற்சுவர் விழுந்த நாளிலேயே மனச்சுவரும் விழுந்துவிடவில்லை. 2008 மார்ச்சில் எறையூரில் நிகழ்ந்ததை நம் உயர்மறைமாவட்டம் மறந்திருக்க முடியாது. எனவே பிறர் வீட்டுச் சுவரைச் சுட்டிக் காட்டும் தகுதி நமக்கு உண்டா என்று ஒருவர் கேட்டால், தலைகுனிந்துதான் விடை கூறவேண்டும். சுவர் எழுப்பிய பாவமும் அதனை இடித்த அருளும் ஆகிய இரண்டையும் அறிந்தவர்கள் நாம். புதிய சுவர் ஒன்று எழும்போது அதனை முதலில் அடையாளம் காண வேண்டியவர்களும் நாமே. இக்கட்டுரை அத்தகைய ஒரு சுவரைப் பற்றியது. அது நம் பல்கலைக்கழக, கல்லூரி வளாகங்களில் ‘பொதுச் சொற்பொழிவு’ என்னும் பெயரில் எழுந்து நிற்கிறது.

யாரைப் பற்றிப் பேசினார்கள்?

அண்மையில் நம் பங்கைச் சேர்ந்த முதியவர் ஒருவர் அழைப்பிதழ் ஒன்றைக் கையில் ஏந்தி வந்தார். ஓர் உயர்கல்வி வளாகத்தில் புதுவை ஆலைத் தொழிலாளர் வரலாறு பற்றிப் பொதுச் சொற்பொழிவு; அனைவரும் வருக என்று ஆங்கிலத்தில் அச்சிட்டிருந்தது. அந்த வளாகத்தின் பெயரை நாம் இங்குக் கூறப்போவதில்லை. ஒன்றைச் சுட்டினால் மற்றவை தப்பித்துக்கொள்ளும்.

முதியவர் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆலையில் தறி ஓட்டியவர். அவர் தந்தையாரும் ஆலைத் தொழிலாளி. 1936 ஜூலை 30 அன்று பிரெஞ்சு ஆட்சியின் காவற்படை புதுவைத் தொழிலாளர்மீது சுட்டுப் பன்னிருவர் மாண்ட நாளில் அத்தந்தையார் அங்கே நின்றவர். அந்தக் குருதியின் விலையாகவே அடுத்த ஆண்டில் எட்டு மணி நேர வேலைச் சட்டம் இம்மண்ணில் வந்தது. தந்தை சொல்லக் கேட்டதை மகன் தம் நெஞ்சில் எழுபது ஆண்டுகளாகக் காத்து வருகிறார். “நம்ம ஆலைக் கதையப் பேசுறாங்களாம் சாமி, போய்க் கேட்டுட்டு வரலாமா?” என்றார். சென்றோம்.

வாயிலில் காவலர் அடையாள அட்டை கேட்டார். நம் அங்கியைக் கண்டு நம்மை விட்டார். முதியவரின் பெயரையும் முகவரியையும் வருகையின் நோக்கத்தையும் ஏட்டில் எழுதச் சொன்னார். வேலை நாளின் முற்பகல் பதினொரு மணி. குத்துவிளக்கு ஏற்றினர். வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை, பொன்னாடை, நினைவுப் பரிசு, ஒளிப்படம் என்று முக்கால் மணி நேரம் கழிந்தது. அதன் பின் சொற்பொழிவு. பேசியவர் தமிழர், பேசப்பட்டவர்கள் தமிழர், கேட்டவர்கள் ஏறத்தாழ எல்லாரும் தமிழர். உரை முழுவதும் ஆங்கிலத்தில் எழுதி வந்து வாசிக்கப்பட்டது. அது நல்ல உரை என்பதையும் நாம் சொல்லியாக வேண்டும். உழைப்பும் நேர்மையும் அதில் இருந்தன. ஆனால் நம் அருகில் இருந்த முதியவர் சட்டைப்பைக்குள் கைவிட்டுச் செபமாலை மணிகளை உருட்டத் தொடங்கியிருந்தார்.

கேள்வி நேரத்தில் அவர் எழுந்தார். தம் தந்தை கண்டதைச் சொல்ல விரும்பினார். தமிழில் இரண்டு வாக்கியம் பேசுவதற்குள், நேரம் குறைவு, கேள்வியை மட்டும் ஆங்கிலத்தில் சுருக்கமாகக் கேளுங்கள் என்று மேடையிலிருந்து பணிவாகவே சொன்னார்கள். அவர் அமர்ந்துவிட்டார். திரும்பி வரும் வழியில் பேருந்தில் நம்மிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “யாரைப் பத்திப் பேசினாங்க சாமி?”

அன்பர்களே, அக்கேள்விக்கு நம்மால் விடை கூற இயலவில்லை. அவரைப் பற்றித்தான் பேசினார்கள். அவர் தந்தையைப் பற்றித்தான் பேசினார்கள். 1745-இல் சம்பா கோவிலின் சுவருக்கு அப்பால் நின்றவனுக்கும் அவனுக்காகவேதான் பலி ஒப்புக்கொடுக்கப்பட்டது.

பெயர்கள் சொல்லும் பாடம்

1985-இல் நாடாளுமன்றச் சட்டத்தால் தோன்றிய புதுவைப் பல்கலைக்கழகம் நகருக்கு வடக்கே, காலாப்பட்டில், கடலோரமாக அமைந்துள்ளது. அதன் குறிக்கோளுரை பிரெஞ்சு மொழியில் உள்ளது. ‘ஒளியை நோக்கி’ என்பது அதன் பொருள். அங்குள்ள தமிழ்ப் புலத்துக்குச் சுப்பிரமணிய பாரதியின் பெயர். நிகழ்கலைப் பள்ளிக்குச் சங்கரதாஸ் சுவாமிகளின் பெயர். எண்ணிப் பாருங்கள். 1908-இல் ஆங்கில ஆட்சியின் பிடிக்குத் தப்பிப் புதுவைக்கு வந்து பத்தாண்டுகள் இங்கே வாழ்ந்த பாரதி, எளிய சொல்லுக்காகத் தம் புலமையையே வளைத்தவர். 1922-இல் இந்நகரிலேயே உயிர்நீத்த சங்கரதாஸ் சுவாமிகள், வண்டியோட்டியும் கூலியாளும் விடிய விடிய அமர்ந்து பார்க்கும் நாடகங்களை எழுதியவர். எழுத்தறியாதவனும் உள்ளே வரலாம் என்று கதவைத் திறந்து வைத்தவர்களின் பெயர்களையே நாம் நம் கல்விக்கூடங்களுக்குச் சூட்டியிருக்கிறோம். பெயர்சூட்டு விழாவோடு நம் கடன் தீர்ந்ததா?

அவ்வளாகத்தில் நற்செயல்கள் நிகழவில்லை என்பதன்று நம் வாதம். 2016-இல் மறைந்த முனைவர் கே. ஏ. குணசேகரன் அங்கே நிகழ்கலைப் பேராசிரியராக இருந்தபோது, ஒடுக்கப்பட்டோரின் பறையையும் பாட்டையும் பல்கலைக்கழக மேடைக்கு ஏற்றினார். மேடையில் ஏறிய பாட்டை மீண்டும் ஊருக்கும் தெருவுக்கும் கொண்டு சென்றார். புதுவை வாணி என்னும் சமுதாய வானொலியைப் பல்கலைக்கழகம் தொடங்கியபோது, மீனவர் குப்பத்துக் குரலும் வளாகத்திலிருந்து ஒலிக்கலாம் என்பது மெய்யாயிற்று. நகருக்குள்ளேயே 1955 முதல் இயங்கி வரும் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், யுனெஸ்கோ 2005-இல் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்த சைவச் சுவடிகளைக் காத்து வருகிறது. கல்விச் செல்வத்துக்கு இவ்வூரில் குறைவில்லை. அதனைப் பந்தியில் பரிமாறும் முறையில்தான் குறை.

நமக்கு மறுமொழி கூறுவோர்

சிலர் கூறுவர்: உயர் ஆய்வுக்குரிய கலைச்சொற்கள் உண்டு; அறிஞர் தம்முள் பேசிக்கொள்ள ஒரு பொதுமொழி வேண்டும்; எல்லாவற்றையும் எல்லாருக்கும் எளிமையாக்க முடியாது. உண்மை. நாம் குருமடத்தில் இறையியல் பயின்றபோது அங்கும் அப்படித்தான் பேசிக்கொண்டோம். அறிஞர் கூடும் கருத்தரங்கு எம்மொழியிலும் நடக்கட்டும். அதனை நாம் குறை கூறவில்லை. அனைவரும் வருக என்று அச்சிட்ட பின், வந்தவரை வாய் திறக்க விடாமல் அமர்த்துவதையே குறை கூறுகிறோம். கருத்தரங்கு என்பது அடுக்களை; பொதுச் சொற்பொழிவு என்பது பந்தி. அடுக்களையில் வெந்துகொண்டிருப்பதைப் பந்தியில் யாரும் பரிமாறுவதில்லை.

வேறு சிலர் கூறுவர்: வெளிநாட்டிலிருந்து வரும் அறிஞர் தமிழுக்கு எங்கே போவார்? இத்தாலியிலிருந்து வந்த பெஸ்கி என்னும் குருவானவர் எங்கே போனார் என்று திருப்பிக் கேட்கலாம். அவர் வீரமாமுனிவர் ஆனார். எல்லாரையும் அந்த அளவுகோலால் அளப்பது முறையன்று என்பதை ஒப்புக்கொள்வோம். மொழிபெயர்த்துச் சொல்ல ஒருவர் பக்கத்தில் நின்றால் போதும். அயல்நாட்டு விருந்தினர் நம் ஆலயங்களில் மறையுரை ஆற்றும்போது அருகில் ஒருவர் நின்று வாக்கியத்துக்கு வாக்கியம் தமிழில் சொல்வதில்லையா? ஆயிரக்கணக்கானோர் கூடும் பெருவிழாவில் முடிவது, குளிரூட்டிய அரங்கில் எண்பது பேர் நடுவே முடியாமற்போவதற்குக் காரணம் மொழியின் வறுமை ஆகாது. மனத்தின் வறுமையே ஆகும்.

மூன்றாவது வாதம் நம் நெஞ்சை அதிகம் சுடுவது: மக்கள் இத்தகைய உரைகளுக்கு வருவதில்லை, தொலைக்காட்சியும் கைப்பேசியும் அவர்களுக்குப் போதும். இதைவிட மக்களை இழிவுபடுத்தும் கூற்று வேறில்லை. தெருக்கூத்தை விடியும் வரை கண்டவர்கள் இம்மக்கள். பட்டிமன்றத்துக்கு இன்றும் இடம் போதாமல் நின்றுகொண்டே கேட்பவர்கள் இம்மக்கள். அழைப்பிதழ் புரியாத மொழியில், வேலைக்குப் போகும் நேரத்தில், காவலர் விசாரிக்கும் வாயிலுக்குள் வைத்துவிட்டு, ஏன் வரவில்லை என்று கேட்பது, கதவைப் பூட்டிவிட்டு விருந்தினரைப் பழிப்பதாகும்.

தமிழில் பொதுச் சொற்பொழிவு என்னும் கலை வளர்ந்த வரலாற்றில் கிறிஸ்தவ மறையுரை மேடைக்கும் ஒரு பங்கு உண்டு என்பதை நம்மில் பலர் அறியார். மெதடிஸ்த மிசன் பள்ளியில் பயின்று விவிலிய மொழிபெயர்ப்புப் பணியிலும் துணைநின்ற ஆறுமுக நாவலர், கிறிஸ்தவப் போதகர்கள் மக்களை நேர்முகமாக நோக்கி உரையாற்றும் முறையைக் கண்டார். 1847 டிசம்பர் 31 அன்று யாழ்ப்பாணத்து வண்ணார்பண்ணைச் சிவன் கோவிலில் தம் முதல் சைவப் பிரசங்கத்தை நிகழ்த்தினார். நம் சமயத்தை எதிர்த்தே அவர் பேசினார். ஆயினும் மக்களிடம் மக்கள் மொழியில் பேச வேண்டும் என்பதில் இரு சாராரும் ஒன்றுபட்டிருந்தனர். எதிரெதிர் மேடைகள் அறிந்திருந்த இவ்வுண்மையை நடுநிலை மேடையாகிய பல்கலைக்கழகம் மறக்கலாமா?

நம் வீட்டு வரலாறு

இதில் பங்குக்குருவுக்கு என்ன வேலை, பீடத்தோடு நின்றுகொள்ளட்டும் என்று எண்ணும் வாசகர் இருக்கலாம். பீடத்திலிருந்தே தொடங்குகிறோம்.

நம் தாத்தா பாட்டியர் காலத்தில் திருப்பலி இலத்தீனில் நடந்தது. குருவானவர் பீடத்தை நோக்கி நின்று மறைபொருளை நிகழ்த்துவார். மக்கள் என்ன செய்தனர்? செபமாலை உருட்டினர். அவர்கள் பக்தியில் நாம் குறை காணவில்லை. நமக்கு விசுவாசம் தந்ததே அவர்கள்தாம். ஆனால் தங்களுக்காகவே நடந்த ஒன்றின் வாயிலில் அவர்கள் வேறொரு வேலை செய்துகொண்டிருந்தனர். இலத்தீனை விட்டால் மாண்பு குறையும், துல்லியம் கெடும், உலகத் தொடர்பு அறும் என்று அன்று வாதிட்டவர்கள் உண்டு. இன்று வளாகங்களில் ஆங்கிலத்துக்காகச் சொல்லப்படும் அதே மூன்று காரணங்கள்! 1963 டிசம்பர் 4 அன்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் திருவழிபாட்டுக் கொள்கைத் திரட்டை வெளியிட்டு மக்கள் மொழிக்குக் கதவைத் திறந்தது. மாண்பு குறைந்துவிட்டதா? தமிழில் திருப்பலி காணும் நம் அன்னையரைக் கேளுங்கள்.

அச்சங்கமே 1965-இல் வெளியிட்ட ‘இன்றைய உலகில் திருச்சபை’ என்னும் ஏடு, பண்பாட்டின் பயன்களில் பங்குபெறுவது எல்லா மனிதருக்கும் உரியது என்று கற்பிக்கிறது. கல்வி ஓர் அலங்காரப் பொருள் என்று அது கருதவில்லை. மனிதன் முழு மனிதனாவதற்கு அது தேவை என்கிறது. பெந்தகோஸ்து நாளில் தூய ஆவியார் எருசலேமில் கூடிய மக்களுக்கெல்லாம் ஒரே மொழியைக் கற்பிக்கவில்லை. அவரவர் தத்தம் தாய்மொழியில் கேட்டனர். உண்மை எளியவனின் மொழிக்கு இறங்கி வருவதே மனுவுருவாதலின் முறை. தச்சர் வீட்டில் பிறந்தவர் பேசிய மொழியும் அறிஞர் மன்றத்து மொழி அன்று.

நம் முன்னோர் வெறும் கையோடு நிற்கவில்லை. 1844-இல் கூடிய புதுவைச் சினட், உள்நாட்டுக் குருக்களை உருவாக்குவதையும் கல்வியைப் பரப்புவதையும் தன் தலையாய கடமையாகக் கொண்டது. அதே ஆண்டில் தந்தை துப்புய் நம் பெண்பிள்ளைகளின் கல்விக்காக ஒரு துறவற சபையை இங்கே தொடங்கினார். நம் மிசன் அச்சகத்திலிருந்து தமிழ்-பிரெஞ்சு அகராதி வெளிவந்தது. பின்னர் வந்தவர் தனிநாயகம் அடிகள். 1952-இல் ‘தமிழ்க் கல்ச்சர்’ என்னும் ஆங்கில ஏட்டைத் தொடங்கி, 1964-இல் புதுதில்லியில் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் அமைய உழைத்து, 1966-இல் கோலாலம்பூரில் முதல் மாநாட்டை நடத்திக் காட்டியவர் ஒரு கத்தோலிக்கக் குரு. புதுவைப் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தை நிறுவிய ழான் ஃபிலியோசா அவரோடு தோள்கொடுத்தார். அடிகளார் உலக அறிஞரிடம் ஆங்கிலத்தில் தமிழின் பெருமை பேசினார். தமிழரிடம் தமிழில் பேசினார். 1968-இல் சென்னையில் இரண்டாம் மாநாடு நடந்தபோது, அறிஞர் ஓர் அரங்கில் ஆய்ந்தனர். நகரமே வீதியில் திருவிழாக் கொண்டாடியது. இரண்டும் ஒரே ஊரில் நடக்கலாம் என்பதற்கு அதுவே சான்று.

நாம் கேட்பன

வளாகங்களை ஆள்வோரிடம் நாம் கேட்பன அரியவை அல்ல. பொதுச் சொற்பொழிவு என்று பெயரிட்டால் அது தமிழில் இருக்கட்டும். அல்லது தமிழில் எடுத்துரைக்க ஒருவர் இருக்கட்டும். மாலை ஆறு மணிக்கு மேலோ ஞாயிறு பிற்பகலிலோ நடக்கட்டும். ஆண்டில் பாதி உரைகளாவது வளாகத்தை விட்டு முத்தியால்பேட்டைக்கும் அரியாங்குப்பத்துக்கும் வில்லியனூருக்கும் வரட்டும். பொன்னாடைக்குச் செலவாகும் நேரம் கேட்போரின் கேள்விக்குத் தரப்படட்டும். யாருடைய வாழ்வு பேசப்படுகிறதோ அவர் அரங்கில் இருந்தால், அவருக்கு முதற்சொல் தரப்படட்டும். இவை சலுகைகள் ஆகா. அக்கட்டடங்களின் ஒவ்வொரு செங்கல்லிலும் அம்முதியவர் வாங்கிய உப்பின்மீதும் துணியின்மீதும் எந்நாளோ விதித்த வரியும் இருக்கிறது.

பொதுநிலையினராகிய உங்களிடமும் கேட்கிறோம். பல்கலைக்கழகத்தில் பிள்ளைக்கு இடம் கிடைக்க வேண்டுமென்று நோவேனா சொல்லும் நாம், அங்கே என்ன பேசப்படுகிறது என்று ஒரு நாளேனும் எட்டிப் பார்த்தோமா? படித்துப் பட்டம் பெற்ற நம் பிள்ளை, தன் ஆய்வேட்டில் எழுதியதை அன்பியக் கூட்டத்தில் கால் மணி நேரம் எடுத்துச் சொல்லியிருக்கிறானா? சொல்ல அவனை நாம் கேட்டோமா? வெளியே அனுப்பப்பட்டவர்கள் என்று நம்மை நாமே எண்ணிக்கொண்டால், சுவர் எழுப்புபவனுக்குச் சுண்ணாம்பு குழைத்துத் தருபவர்கள் ஆவோம்.

குருக்களாகிய நம்மையும் விட்டுவிடலாகாது. நம் பங்கு மன்றங்கள் திருமணத்துக்கும் நிச்சயதார்த்தத்துக்கும் வாடகைக்குப் போகின்றன; மற்ற நாளெல்லாம் பூட்டிக் கிடக்கின்றன. நம் பெயரால் நடக்கும் கல்லூரிகளின் விழாக்களிலும் அதே ஆங்கில அழைப்பிதழ், அதே பொன்னாடை. எபேசு நகரில் தொழுகைக்கூடம் தன்னை ஏற்காதபோது புனித பவுல் என்ன செய்தார் என்பதைத் திருத்தூதர் பணிகள் பத்தொன்பதாம் அதிகாரம் கூறுகிறது. திரன்னு என்பவரின் விரிவுரைக் கூடத்தில் நாள்தோறும் பேசினார். இரண்டு ஆண்டுகள் பேசினார். யூதரும் கிரேக்கரும் கேட்டனர். பொதுச் சொற்பொழிவுக்கு அதைவிடத் தூய முன்மாதிரி நமக்குத் தேவையில்லை. அவர் பெயரைத் தாங்கிய கோவிலின் மக்கள் நாம்.

ஆகவே நம் பங்கு மன்றத்தின் பூட்டைத் திறந்துவிட்டோம். திங்கள்தோறும் கடைசி ஞாயிறன்று மாலை, சமய வேறுபாடின்றி எல்லாருக்குமாக, தமிழில் ஒரு சொற்பொழிவு நடைபெறும். அன்று ஆங்கிலத்தில் உரை வாசித்த ஆய்வாளருக்குக் கடிதம் எழுதினோம். அவர் மனம் வருந்தி மறுமொழி எழுதினார், வருவதாக ஒப்புக்கொண்டார். ஆனால் முதல் சொற்பொழிவு அவருடையது அன்று. முதல் நாளில் நம் முதியவர் பேசுவார். 1936 ஜூலை 30 அன்று தம் தந்தை கண்டதைச் சொல்வார். ஆய்வாளர் முன்வரிசையில் அமர்ந்து கேட்டுக் குறிப்பெடுப்பார்.

வாயிலில் காவலர் இருக்கமாட்டார். வாருங்கள்.